‘அப்படி ஒரு கோப்பு இல்லை’: ஒரு பிழைச்செய்தியும் சில உரிமங்களும்

(இளங்கலை மாணவர்களும் ஆய்வு மாணவர்களும் கூடிய ஒரு வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை ஓரளவு அப்படியே விட்டிருக்கிறேன்.)



என் முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள். பழைய தமிழ் இதழ்களில் சில சொற்கள் எப்போது நுழைந்தன, எப்போது மறைந்தன என்று எண்ணிப் பார்ப்பதுதான் என் வேலை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். அந்த ஆய்வின் இரண்டாம் ஆண்டில் என்னைப் பதினோரு நாள் முடக்கிப்போட்ட ஒரு பிழைச்செய்தியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். கணினி படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். நானும் கணினி படித்தவன் இல்லை. பி.ஏ. தமிழ், எம்.ஏ. தமிழ்.

இதழ்களைத் தட்டச்சு செய்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துக் கோப்புகளாக வைத்திருந்தேன். அவற்றில் ஒரு சொல்லைத் தேட கிரெப், மாற்ற செட், எண்ண டபிள்யூசி என்று யூனிக்ஸ் வழிவந்த சின்னச் சின்னக் கருவிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலை செய்யும். ஒன்றின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் கொடுக்கலாம். இவற்றைக் கோத்து ஒரு சீனியர் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று பென் டிரைவில் கைக்குக் கைமாறி என்னிடம் வந்தது. அதை என் விண்டோஸ் மடிக்கணினியில் நோட்பேடில் திறந்து, கோப்புகளின் பெயரை மட்டும் மாற்றிச் சேமித்தேன். பிறகு ஆய்வகத்து லினக்ஸ் கணினியில் ஓட்டினேன்.

‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று வந்தது.

கோப்பு கண் முன்னால் இருக்கிறது. பட்டியல் எடுத்தால் பெயர் வருகிறது. திறந்தால் திறக்கிறது. ஓட்டினால் மட்டும் இல்லை என்கிறது. அழித்துவிட்டுத் திரும்பவும் பென் டிரைவில் கொண்டுவந்தேன். வேறு பெயர் வைத்தேன். வேறு கணினியில் போட்டேன். அதே பதில். நாலாம் நாள், ஆய்வகப் பொறுப்பில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் திரையைக்கூடப் பார்க்கவில்லை. “இதுகூடத் தெரியாம எப்படி பிஎச்டிக்கு வந்தீங்க?” என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் கேட்காத கேள்வியும் எனக்குக் கேட்டது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கும், இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசப்பட்டவர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு ஒரு வாரம் நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கு இது வராது, தலைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று நெறியாளரிடம் சொல்வதற்கு வாக்கியம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

பதினோராம் நாள் இரவு, வேதியியல் துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஓர் அக்கா பக்கத்துக் கணினிக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு “என்னப்பா ஆச்சு?” என்றார். காட்டினேன். பிழைச்செய்தியின் நடுவே ஒரு தொப்பிக் குறியும் எம் என்ற எழுத்தும் இருந்தன. நான் அதை ஏதோ குப்பை என்று பதினோரு நாளும் கடந்துபோயிருந்தேன். அவர் அதில் விரல் வைத்தார். ஒரு கட்டளை அடித்தார். என் ஸ்கிரிப்ட்டின் ஒவ்வொரு வரி முடிவிலும் அதே தொப்பியும் எம்மும் திரையில் வந்தன. “தம்பி, இது உன் தப்பில்ல. என்னையும் இது ஒரு வாரம் அலைக்கழிச்சிருக்கு” என்றார். டாஸ்-டூ-யூனிக்ஸ் என்ற குட்டிக் கருவியை ஓட்டினார். ஸ்கிரிப்ட் ஓடியது.

என்ன நடந்தது? தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் முடித்தவர்கள் இங்கே இருந்தால் உடனே புரியும். தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் நெம்புகோலைப் பிடித்துத் தள்ளுவோம். அப்போது இரண்டு வேலை நடக்கும். வண்டி மீண்டும் வரியின் தொடக்கத்துக்கு வரும். தாள் ஒரு வரி மேலே ஏறும். தொலைவிலிருந்து இயங்கிய டெலிடைப் எந்திரங்களில் இந்த இரண்டுக்கும் இரண்டு தனித்தனிக் குறிகள் இருந்தன. யூனிக்ஸ்காரர்கள், கோப்பில் வரியின் முடிவைக் காட்ட ஒரு குறி போதும் என்று முடிவு செய்தார்கள். இன்னொரு வழியில் வந்த டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. விண்டோஸ் அதைத் தொடர்ந்தது. 2018 வரை யூனிக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒட்டி ஒரே நீள வரியாகத் தெரியும்.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரி, ‘இதை பாஷ் என்ற நிரலிடம் கொடு’ என்று சொல்கிறது. என் கோப்பிலோ ‘பாஷ்’ என்ற பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வண்டி ஒட்டியிருந்தது. அந்தப் பெயரில் நிரல் எதுவும் இல்லை. கணினி பொய் சொல்லவில்லை. அது தேடியது என் கோப்பை இல்லை, அவ்வளவுதான். எனக்குப் பிறப்பதற்கு முன்னால் யாரோ சிலர் எடுத்த இரண்டு வெவ்வேறு முடிவுகள் என் மேசையில் வந்து மோதின. நான் அதை என் தகுதிக் குறைவு என்று பதினோரு நாள் நம்பினேன்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். தகுதி, திறமை, மூளை என்ற பெயரில் நம் தலையில் கட்டப்படும் பல பிழைகளுக்குப் பின்னால் யாரோ எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. கணினி உலகில் அந்த முடிவு பல நேரங்களில் உரிமம் என்ற பெயரில் எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை. ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

யூனிக்ஸின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதைத் தொடங்கினார்கள். ஆய்வகத்தின் உரிமையாளர் ஏடி&டி, அந்த நாட்டின் தொலைபேசி ஏகபோக நிறுவனம். 1956-இல் அரசோடு செய்துகொண்ட ஓர் உடன்பாட்டின்படி அது தொலைபேசியைத் தாண்டி வேறு வணிகத்தில் இறங்க முடியாது. ஆகவே யூனிக்ஸைப் பொருளாக விற்கவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. ஆனால் உதவி கிடையாது, பிழை திருத்தித் தர மாட்டோம் என்பது நிபந்தனை.

நிறுவனம் உதவாது என்றால் யாரைக் கேட்பது? பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அதையே வைத்திருப்பவரைத்தான். அவருக்கும் மூலநிரல் இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது. அவர் கண்டுபிடித்த திருத்தத்தை நாடாவில் பதிந்து உங்களுக்கு அனுப்பலாம். 1975-இல் பயனர்கள் கூடி அமைத்த குழுதான் பின்னாளில் யூஸ்நிக்ஸ் ஆனது. ஒருவர் பிழையை இன்னொருவர் தீர்க்கும் இந்தப் பண்பாடு யாருடைய தாராள மனத்திலிருந்தும் மட்டும் வந்துவிடவில்லை. ஓர் உரிமத்தின் நிபந்தனை அதற்கு இடம் கொடுத்தது.

இன்னொரு நிபந்தனை அந்த இடத்தை அடைக்கவும் செய்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலை அச்சிட்டு, நம் உரையாசிரியர்களைப் போல அதற்கு விளக்கவுரை எழுதினார். ஓர் இயங்குதளம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை வரி வரியாகப் படிக்க மாணவர்களுக்குக் கிடைத்த அரிய நூல் அது. 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூலநிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று உரிமத்தில் சேர்த்துவிட்டார்கள். கையில் இருக்கிறது, ஆனால் சொல்லித்தரக் கூடாது! தோழர்களே, கற்றுத்தராதே, காதில் விழவிடாதே என்ற சொற்கள் நமக்குப் புதியவை அல்ல. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று வணிக ஒப்பந்தம். மற்றது பிறப்பை வைத்து மனிதரைத் தள்ளிவைத்த கொடுமை. ஆனால் அறிவைப் பூட்டி வைத்தால் பூட்டுக்கு உள்ளே இருப்பவரின் மதிப்பு ஏறும் என்ற கணக்கு இரண்டிலும் இருக்கிறது.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. லயன்ஸின் நூலை ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ், அதன் ஜெராக்ஸ் என்று எழுத்து மங்கும்வரை எடுத்தார்கள். அது முறைப்படி நூலாக வெளிவர 1996 ஆயிற்று. பாடம் நடத்த வேறு வழியில்லாமல் ஆன்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் 1987-இல் மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைத் தானே எழுதினார். அதைப் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். பூட்டியவர்கள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு.

இதற்கிடையில் 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். யூனிக்ஸ் போன்ற, ஆனால் யாரும் பூட்ட முடியாத கருவிகளை எழுதுவது நோக்கம். அதற்காக 1989-இல் ஜிபிஎல் என்ற உரிமம் வந்தது. அதன் சாரத்தைச் சொல்கிறேன். இந்த நிரலை நீ ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் கொடுக்கும்போது மூலநிரலோடு, இதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். உனக்குத் திறந்த கதவை உனக்குப் பின்னால் வருபவரின் முகத்தில் சாத்தக் கூடாது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த பிஎஸ்டி உரிமம் வேறு மாதிரி. எடுத்துக்கொள், எங்கள் பெயரை மட்டும் விட்டுவிடாதே, பிறகு மூடிக்கொண்டாலும் சரி என்கிறது. இதுதான் அதிக சுதந்திரம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் முட்டாள்கள் அல்ல. எடுப்பவரின் சுதந்திரமா, அவருக்கு அடுத்து வருபவரின் சுதந்திரமா என்பதுதான் கேள்வி. நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இது வெறும் தத்துவச் சண்டை என்று நினைக்காதீர்கள். உங்கள் மேசைக்கு வரும். லினக்ஸில் நன்றாக ஓடும் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட்டை ஆப்பிள் மேக் வைத்திருக்கும் தோழருக்கு அனுப்புங்கள். சொல்லுக்கு எதிரே எண்ணிக்கையைச் சேமிக்கும் அகராதி போன்ற ஒரு வசதி பாஷில் உண்டு. அதைப் பயன்படுத்தியிருந்தால், அவருடைய மேக் ‘இப்படி ஒரு விருப்பத்தேர்வே இல்லை’ என்று சொல்லும். அந்தத் தோழரும் என்னைப் போலவே தன்னைத்தான் நொந்துகொள்வார்.

காரணம் இதுதான். அந்த வசதி 2009-இல் வந்த பாஷ் நான்காம் பதிப்பில் சேர்ந்தது. மேக்கோடு வரும் பாஷ் இன்றும் 3.2 தான். ஏன்? இடையில், 2007-இல் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டிக்குள் லினக்ஸ் இருந்தது. மூலநிரலையும் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் மாற்றி எழுதிய நிரலை அந்தப் பெட்டி ஓட்ட மறுக்கும். சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டை மாற்றிய கதை. புதிய உரிமம் இந்தத் தந்திரத்துக்குத் தடை போட்டது. காப்புரிமை வழக்குகளைக் காட்டி மிரட்டுவதற்கும் கடிவாளம் போட்டது. பாஷ் 3.2 பழைய உரிமத்தில் வந்தது, நான்கு புதிய உரிமத்தில் வந்தது. ஆப்பிள் பழையதிலேயே நின்றுவிட்டது. 2019-இல் பாஷை ஓரத்தில் வைத்துவிட்டு, கட்டுப்பாடு குறைந்த உரிமம் கொண்ட இசட்-ஷெல்லை முதன்மையாக்கியது. மூன்றாம் பதிப்பின் நிபந்தனைகளை அது விரும்பவில்லை என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அது அவர்கள் உரிமை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த உரிமம் பிடிக்காதவர்கள் பெரிய நிறுவனங்கள் மட்டுமல்ல. டோர்வால்ட்ஸும் அதை ஏற்கவில்லை. லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது.

ஆனால் மேக் வைத்திருக்கும் அந்தத் தோழர் அறிய வேண்டியது இதுதான்: உங்கள் திரையில் வந்த பிழை உங்கள் அறியாமை அல்ல, ஓர் உரிமச் சண்டையின் எச்சம். தீர்வும் இருக்கிறது. ஹோம்ப்ரூ என்ற தன்னார்வலர்களின் திட்டம் வழியாகப் புதிய பாஷை நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ்காரர்களுக்கு 1990-களின் நடுவிலிருந்தே சிக்வின் உண்டு. 2016-இலிருந்து மைக்ரோசாஃப்ட்டே லினக்ஸ் கருவிகளை விண்டோஸுக்குள் ஓட்ட வழி செய்து தருகிறது. 2001-இல் அதன் தலைவர் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டுப் பேசினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே அதைப் பயன்படுத்துங்கள்.

இவ்வளவு சொன்னதால் சுதந்திர மென்பொருள் உலகம் சமத்துவபுரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-இல் கிட்ஹப் நடத்திய ஆய்வில், பதில் சொன்ன திறந்த மூலப் பங்களிப்பாளர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள், 3 விழுக்காட்டினர் பெண்கள். மூலநிரலின் கதவு திறந்திருக்கிறது. கேள்வி கேட்கும் கதவோ அப்படி இல்லை. புதிதாக வந்தவர் ஏதாவது கேட்டால் ‘கையேட்டைப் படி’ என்பதை ஒரு கெட்ட வார்த்தையோடு சேர்த்துச் சொல்லும் பழக்கம் அந்த உலகில் பல பத்தாண்டுகளாக உண்டு.

கையேட்டைப் படிக்கத்தான் வேண்டும். யூனிக்ஸ் கையேடுகள் நல்லவை. ஆனால் கையேட்டில் ஒன்றைத் தேட, தேடுவதன் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே! என் கோப்பில் ஒட்டியிருந்ததற்குப் பெயர் ‘கேரேஜ் ரிட்டர்ன்’ என்று எனக்குத் தெரிந்திருந்தால் அஞ்சு நிமிடத்தில் தீர்த்திருப்பேன். அந்தப் பெயர், கணினியோடு வளர்ந்தவருக்கு வீட்டு மேசையிலேயே காதில் விழுந்திருக்கும். எனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல், ஓர் அக்கா சொல்லித்தான் விழுந்தது. முதலாமவருக்கு இருப்பது மூளை, எனக்கு இல்லாதது மூளை என்று கணக்கெழுதுவது எவ்வளவு பெரிய மோசடி!

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சீனியரின் அந்த ஸ்கிரிப்ட்டை மாற்றி மாற்றி நாலு ஆண்டு பயன்படுத்தினேன். ஆய்வுக் கட்டுரையோடு அதை வெளியிட வேண்டிய கட்டம் வந்தபோதுதான் கவனித்தேன், அதில் உரிமம் என்று ஒரு வரியும் இல்லை. உரிமம் எழுதாவிட்டால் பொதுச்சொத்து என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நேர் எதிர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவர் அனுமதி தராதவரை எல்லா உரிமையும் அவருடையதே. அவரோ படிப்பை விட்டுவிட்டு எங்கோ வேலைக்குப் போய்விட்டார். விசாரித்தும் பிடிக்க முடியவில்லை. அவர் பகிரத்தான் நினைத்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை எழுதி வைக்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நானே எழுதினேன்.

ஆகவே உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். நீங்கள் எழுதும் ஸ்கிரிப்ட் பத்து வரியாக இருந்தாலும் அதில் உங்கள் பெயரையும், என்ன உரிமத்தில் தருகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஜிபிஎல்லோ பிஎஸ்டியோ, நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள். நல்ல மனம் மட்டும் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்பதை உரிமைக்குப் போராடி வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, கேளுங்கள். கேட்கும்போது என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று மூன்றையும் சொல்லுங்கள். பிழைச்செய்தியில் குப்பை போலத் தெரிவதையும் விடாமல் முழுதாகக் காட்டுங்கள். பதில் சொல்லும் இடத்தில் நீங்கள் இருந்தால், முதலில் திரையைப் பாருங்கள். அந்தப் பிரச்சினையின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை அவரே தேடிக்கொள்வார்.

அந்த அக்கா அன்று இரவு போவதற்கு முன்னால் ஒரு ஏ-ஃபோர் தாளில் அந்தப் பிழைச்செய்தியையும், அதன் காரணத்தையும், தீர்க்கும் கட்டளையையும் தமிழில் எழுதி அந்தக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினார். பிறகு நான் இன்னொரு தாள் ஒட்டினேன். வேறு துறைக்காரர்களும் ஒட்டினார்கள். சுவரில் இடம் போதாமல் இப்போது அது ஒரு நீளக் கணக்கு நோட்டாக அங்கேயே கிடக்கிறது. முதல் பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள்: ‘ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கண்டுபிடித்ததையும் இதில் எழுதிவிட்டுப் போங்கள்.’

நான் படித்த உரிமங்களிலேயே சின்னது அதுதான். உங்கள் ஆய்வகத்திலும், விடுதியிலும், படிப்பகத்திலும் அப்படி ஒரு நோட்டைத் தொடங்கிவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.